நிறுத்தாத எக்ஸிட்

எங்கள் வட்டைக்கு, அதாவது ஊர் வயல்வெளிக்கு, தம்பியை வட்டவிதானையாக முதன்முதல் தெரிவுசெய்த நெற்போகம் அது. எந்த வயலுக்கு எந்த நாளில் வாய்க்கால் தண்ணீர் என்று கமக்காரருக்கு அறிவிப்பது அவன் பொறுப்பு. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக அலைந்து களைத்தவனிடம், "எல்லாருக்கும் போனில செய்தி போக ஒரு புரோகிராம் எழுதித் தாறன்" என்று வாயைக் கொடுத்தவள் நான். மென்பொருள் எழுதித்தான் சோறு தின்கிறேன். தம்பிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

அவனுக்கு ஒரே பயம். "அக்கா, பிழையான செய்தி ஒருக்காப் போனா, மறுகா நான் கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க."

நியாயமான பயம். அதனால், திகதி விடுபட்டிருந்தால் ஒருவருக்கும் அனுப்பாமல் புரோகிராம் அந்த இடத்திலேயே தன்னை மூடிக்கொள்ளும்படி எழுதினேன். அப்படி மூடும் கட்டளையை நாங்கள் எக்ஸிட் என்போம்.

அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தானியங்கிச் சோதனையும் எழுதினேன். எக்ஸிட் வந்ததும் புரோகிராமோடு சேர்ந்து சோதனையும் மூடிக்கொண்டது. இதற்கு வழக்கமான வைத்தியம் போலி எக்ஸிட். உண்மையானதன் இடத்தில் நிற்கும், எதையும் மூடாது, தன்னைக் கூப்பிட்டார்கள் என்று குறித்து மட்டும் வைக்கும். அதை வைத்தேன். தம்பி தந்த கமக்காரரின் போன் நம்பர் பட்டியலையே எடுத்து, திகதியை மட்டும் அழித்துவிட்டு ஓட்டினேன். பச்சை நிறத்தில் 'சரி' என்று வந்தது. பெருமை தாங்காமல் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போனேன்.

உடுப்பைக் கொடியில் போடும்போது தம்பி போன் எடுத்தான். "அக்கா, என்ன செஞ்சீங்க? வாய்க்கால் கதவடியில பாதி வட்டை மண்வெட்டியோட வந்து நிக்கிது. தண்ணி திறக்கிற நாள் எண்டு செய்தி வந்திருக்கு, திகதியக் காணல்ல. நாள் இல்லாட்டி இப்பதானே எண்டு வந்திட்டாங்க."

விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. போலி எக்ஸிட் ஒழுங்காகத்தான் குறித்திருக்கிறது. ஆனால் நிறுத்தவில்லை. நிறுத்தாவிட்டால் புரோகிராம் பாவம், என்ன செய்யும்? அடுத்த வரிக்குப் போயிற்று. அடுத்த வரி, செய்தி அனுப்பு. சோதனையோ எக்ஸிட்டைக் கூப்பிட்டதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் 'சரி' போட்டிருக்கிறது. பொய்யாக ஒரு பட்டியல் எழுதப் பஞ்சிப்பட்டு உண்மையான நம்பர்களை வைத்தது என்னுடைய மகா புத்தி.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் இருக்கும் வாய்க்கால் கதவடிக்கு ஓடினேன். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். போய்ச் சேர்ந்தபோது தம்பி கூட்டத்துக்கு நடுவில் நின்று, "என்ட பிழைதான், நான்தான் பார்க்காம அனுப்பிட்டன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அவன் இல்ல, நான்தான்!" என்று கத்தினேன்.

முன்னால் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். "அக்காவும் தம்பியும் பிழையப் பங்கு போட்டுக்கொள்ளுங்க. நாங்க வந்ததுக்கு வாய்க்கால்ல புல்லையாவது வெட்டிட்டுப் போறம்."

வெட்டினார்கள். நானும் வெட்டினேன். உள்ளங்கை கொப்பளித்துப் போனதுதான் மிச்சம்.

அன்றே திருத்தினேன். புதிய போலி எக்ஸிட் குறித்துவிட்டுச் சும்மா இருக்காது. ஒரு பிழையை எறிந்து புரோகிராமை அந்த வரியிலேயே நிறுத்தும். அந்தப் பிழையைச் சோதனை பிடித்துக்கொள்ளும். ஒரு செய்தியும் வெளியே போகவில்லையா என்றும் இப்போது சோதனை பார்க்கிறது. பட்டியலில் என் நம்பர் மட்டும்தான்.

அடுத்த கிழமை, நாளைக் காலை தண்ணீர் என்று திகதியோடு உண்மையான செய்தி போயிற்று. பின்னேரம் முழுக்கத் தம்பியின் போன் அடித்தபடி இருந்தது. "இது மெய்யான செய்தியா, அக்கா சோதிச்சுப் பார்க்கிறாவா?" என்று கேட்காதவர் குறைவு. அவனும் சிரிக்காமல் ஒவ்வொருவருக்கும் "மெய்தான்" என்றான்.

மறுநாள் கதவு திறக்கும் முன்பே எல்லாரும் வந்து நின்றார்கள். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, தம்பியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.