சத்தம் பொறுக்காத கிட்டார்க்காரி

சந்தை முனையில் சிவப்பு விளக்கு விழுந்ததும் நெவேனா தான் ஓட்டும் டிராலிபஸ்ஸின் ஓட்டுநர் அறையைத் திறந்துகொண்டு பயணிகள் பக்கம் வந்துவிடுகிறாள். மூன்றாவது ஜன்னலில் காதை வைக்கிறாள். இல்லை. நான்காவதில் வைக்கிறாள். "மாட்டிக்கிட்டியா!" என்று கண்ணாடியை அதட்டிவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த பிஸ்கட் அட்டை ஒன்றை எடுத்துச் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே சொருகுகிறாள். பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

"ஏம்மா, பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு!" என்கிறார் முட்டைக்கோஸ் மூட்டைக்காரர்.

"விழட்டும். இது கிடுகிடுன்னு ஆடிக்கிட்டே வந்தா உங்களுக்கு எப்படித்தான் உக்கார முடியுதோ!"

ரூசே நகரத்தில் அவள் வண்டியில் போகிறவர்களுக்கு இது பழகிப்போன கூத்து. நாற்பதைத் தாண்டிய, அகன்ற தோள்களுள்ள பெண். அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் நாலு கால்களும் பழைய டென்னிஸ் பந்துகளில் நிற்கின்றன. விவாகரத்துக்கு அவள் சொல்லும் காரணத்தை இதுவரை யாரும் நம்பவில்லை. "மனுஷன் தங்கம்தான். ஆனா காபில சர்க்கரை கரைஞ்சப்புறமும் கரண்டிய நிறுத்த மாட்டாரு."

இப்படிப்பட்டவள் 'ஈர விறகு' என்ற ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிரித்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சத்தம் வேற, கிடுகிடுப்பு வேற. சத்தம் நாம போடறது. அது நம்மளக் கேக்காம வர்றது. கேக்காம வர்றத எதுக்குப் பொறுத்துக்கணும்?"

குழுவில் மொத்தம் மூன்று பேர். பாடிக்கொண்டே கிட்டார் வாசிக்கும் பிளாமென் பகலில் வீடு வீடாக ஏசி மாட்டுகிறான். டிரம்ஸ் அடிக்கும் கோசியோ ரொட்டிக்கடையிலிருந்து முழங்கைவரை மாவோடு நேராக வந்துவிடுவான். நெவேனாவின் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிலவறையில்தான் வருஷக்கணக்காக ஒத்திகை. முதல் ஆல்பத்துக்குப் பணம் போட எந்தக் கம்பெனியும் வரவில்லை. ஓய்வு நாள் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வாத்தியமாகத் தாங்களே பதிவு செய்து, அட்டைப்படம் வரைக்கும் முடித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது ஒரே ஒரு பாட்டு. அது நெவேனா எழுதியது, அவள் வாழ்க்கையில் எழுதிய ஒரே பாட்டு.

விடியலின் முதல் வண்டியைப் பற்றியது அது. வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அது தொட்டு ஓடும் மின்கம்பி மேலே முனக ஆரம்பிக்கும். அந்த முனகல்தான் பாட்டின் அடிச்சுரம். கிட்டாரின் தடித்த கம்பியை இன்னும் தளர்த்தி, நெஞ்சில் இடிக்கிற மாதிரி வாசிப்பாள். "இவ்ளோ கீழ பாட முடியல, கொஞ்சம் சுருதிய ஏத்தி வாசிக்கா, யாருக்குத் தெரியப்போகுது?" என்று பிளாமென் ஒரு வருஷமாகக் கெஞ்சுகிறான். "அந்த நேரத்துக்கு எந்திரிச்சுப் பாரு, தெரியும்" என்பாள். அவனோ வெயில் ஏறாமல் படுக்கையை விட்டு எழாதவன்.

போன சனிக்கிழமை பேஸ் மட்டும் தனியாகப் பதிவு. முதல் தடவை வாசித்துவிட்டுக் கேட்டார்கள். முனகலுக்கு மேலே கிணுகிணு என்று ஒரு கூட்டமே கேட்டது. நெவேனாவின் முகம் செத்துப்போயிற்று. நிலவறையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அறை, மரச்சட்டக் கதவு, பூட்டு. உள்ளே குளிர்காலத்துக்குப் போட்டு வைத்த ஜாடிகள்: குடைமிளகாயைச் சுட்டு அரைத்த லூத்தெனிட்சா, வெள்ளரி ஊறுகாய், சர்க்கரைப் பாகில் பிளம். டிரம்ஸோடு வாசித்தபோது வெளியே தெரியாமல் இருந்தவை இப்போது அடிச்சுரத்தின் அதிர்வில் ஆளுக்கொரு பாட்டுப் பாடின. பதிவுக் கருவியோ இரவல். அன்று மாலையே சொந்தக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகிறான். திங்கட்கிழமை எல்லாவற்றையும் இசைத்தட்டு அடிக்கிறவர்களிடம் கொடுத்தாக வேண்டும். அன்று ஆகாவிட்டால் அவள் பாட்டு இல்லாமலே ஆல்பம் வரும்.

"ஒலிபெருக்கிப் பெட்டி வழியா வேணாம்க்கா. கிட்டாரை நேரா பதிவுக் கருவியில சொருகிடலாம்" என்றான் கோசியோ.

"செத்த மீன் மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு நெவேனா மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

தன் ஜாடியைப் பிறத்தியார் தொடுவதை அந்தக் குடியிருப்பில் யார் ஒப்புக்கொள்வார்கள்? சாவியைக் கொடுக்காமல் எல்லாரும் தாங்களே இறங்கி வந்தார்கள். போர்வை, தலையணை, பழைய கோட்டு என்று கொண்டுவந்து ஜாடிகளுக்கு நடுவே திணித்தார்கள். அதில் அடங்காதவற்றை ஆளுக்கு இரண்டாக மடியில் வைத்து அணைத்துக்கொண்டு, நடைவழியில் முக்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியாக வந்தார் குடியிருப்புத் தலைவர் மெதோடி. குப்பை கொட்டப் போனாலும் டை கட்டுகிறவர். எழுபதிலும் தலைமுடி கருகரு என்றிருக்கும். மதிய ஓய்வு நேரத்தில் யாராவது தும்மினால்கூடத் திருகுசாவியால் வெந்நீர்க் குழாயைத் தட்டி எச்சரிப்பவர்.

"நோட்டீஸ் ஒட்டினீங்களா? யாரக் கேட்டுக் கூட்டம் போட்டீங்க?"

"பேச்ச விட்டுட்டு உக்காந்து ஜாடியப் பிடிங்க மெதோடி" என்றாள் மூன்றாம் மாடி ஸ்லாத்கா. கணவன் போய்ச் சேர்ந்து வருஷங்களாகியும் உதட்டுச் சாயத்தை விடாதவள். அந்த டையும் கருமுடியும் யாருக்காக என்பது குடியிருப்புக்கே தெரியும். மெதோடி இரண்டு ஜாடிகளை வாங்கிக்கொண்டு அவள் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார்.

நெவேனா வாசித்தாள். நிலவறை கப்பென்று அடங்கிக் கிடந்தது. ஆனாலும் ஒரு சின்ன கிடுகிடுப்பு பாக்கி இருந்தது. அவள் கிட்டாரைக் கோசியோவிடம் கொடுத்துக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, வரிசையில் குனிந்து குனிந்து ஒவ்வொரு ஜாடியாகக் காதை வைத்துக்கொண்டு போனாள். மெதோடியின் மடியில் இருந்த ஜாடிகள் ஊமையாக இருந்தன. சத்தம் அதற்கு மேலிருந்து வந்தது. அவள் தலையைத் தூக்கினாள். நிலவறைக் குளிரில் கொஞ்சம் திறந்திருந்த அவர் வாய்க்குள்தான், அடிச்சுரம் எழும்போதெல்லாம், பல்செட்டின் மேல்வரிசை தட்டிக்கொண்டிருந்தது. இருவர் கண்களும் சந்தித்தன. அவர் காது நுனிவரை சிவந்துவிட்டார்.

"யாருதும்மா? என் வெள்ளரிக்காவா?" என்றாள் ஸ்லாத்கா.

அட்டை சொருகாமல் ஒரு ஜன்னலையும் விட்டதில்லை நெவேனா. இப்போது நிமிர்ந்து, "யாருதும் இல்ல அத்தை. என் கம்பிதான் சரியில்ல" என்றாள். "பிளாமென், நீ சொன்ன மாதிரி ஏத்தியே வாசிச்சிடறேன். ஏத்தினா இது நின்னுடும்."

பிளாமென் வாயைப் பிளந்தான். அவள் கிட்டாரை வாங்கி, கம்பியை இறுக்க முறுக்காணியில் கை வைத்தாள். அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"இரும்மா" என்றார் மெதோடி.

தன் இரண்டு ஜாடிகளையும் ஸ்லாத்காவின் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார். முதுகு ஒரு தரம் குலுங்கியது. கைக்குட்டையில் எதையோ சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரும்பியபோது கன்னங்கள் குழிவிழுந்து, டைக்கு மேலே வேறொரு கிழவர் முகம் இருந்தது. ஸ்லாத்கா பார்த்தாள். எல்லாருமே பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஜாடிகளைத் திரும்ப வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே மடிந்த உதடுகளை இறுக்கி மூடி, வாசி என்பதுபோல நெவேனாவைப் பார்த்து மோவாயை உயர்த்தினார்.

நெவேனா முறுக்காணியிலிருந்து கையை எடுத்தாள்.