சென்னியப்பனின் பேச்சுரிமை

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி நடத்தும் சென்னியப்பனுக்கு இரண்டு கொள்கைகள். அரசு வைத்தியம் பார்க்கக் கூடாது, பேச்சைச் சட்டம் தடுக்கக் கூடாது. "இலவச வைத்தியம் சோம்பேறிகளுக்குத்தானுங்க" என்று கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் தினமும் பொழிவார். தையல்காரர்களுக்கு இ.எஸ்.ஐ. என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுப் பணம் கட்டவும் மாட்டார்.

விரலில் மெஷின் ஊசி ஏறிய தையல்காரி முத்துப்பேச்சி அதே குழுவில் பேசி அனுப்பினாள்: "மொதலாளி, சீழ் வச்சிருச்சு. இ.எஸ்.ஐ. கட்டியிருந்தா சம்பளத்தோட லீவு கெடச்சிருக்கும்லா? இந்த விரலோட எப்படித் தைக்க?"

அவதூறு என்று போலீசுக்கு ஓடினார் சென்னியப்பன்.

"பேச்சைத் தடுக்கக் கூடாதுன்னீங்களே?" என்றார் கட்டிங் மாஸ்டர் அமானுல்லா.

"அது நான் பேசறதைத்தானுங்க!"

"அந்தம்மா சொன்னது பொய்னா, இ.எஸ்.ஐ. கட்டின ரசீதைக் கொண்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். புகாரை அன்றே வாபஸ் வாங்கிய சென்னியப்பன், பயந்துபோய் அவளை இ.எஸ்.ஐ.யில் சேர்த்தார். அதற்குள் அவள் விரல் நுனி போயிருந்தது. அவர் கொள்கை மட்டும் முழுசாக இருக்கிறது.