கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க

"பாம்புக்கடி பத்தி ஒரு நாள் கிளாஸ் இருக்குது, நீங்க போயிட்டு வாங்க சிஸ்டர்" என்று எங்கள் டாக்டர் சொன்னபோது, வேறு யாரையாவது அனுப்ப முடியுமா என்று கேட்டேன். பிரசவ அறையில் எவ்வளவு ரத்தம் பார்த்தாலும் கலங்காதவள்தான். பாம்பு என்றால் மட்டும் படத்தில்கூடப் பார்க்க மாட்டேன். மகளுடைய பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தால் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தவள் நான்.

டாக்டர் சிரித்தார். "ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் பீங்கான் கம்பெனி. நடுவுல ஆஸ்பத்திரி வெச்சிருக்கோம். நாம கத்துக்காம யாரு கத்துக்கறது?"

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் போகிற வழியில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. காய்ச்சல், பிரசவம், சூளையில் கையைச் சுட்டுக்கொண்டு வருகிறவர்கள், இதுதான் அன்றாடம். பெரிய கேஸ் வந்தால் முதலுதவி செய்து அனுப்பிவிடுவோம். மூச்சு கொடுக்கிற வென்டிலேட்டர் மெஷின் எங்களிடம் கிடையாது.

வகுப்பு ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்தது. திட்டக்குடி, பெண்ணாடம் பக்கத்திலிருந்தெல்லாம் நர்ஸுகள் வந்திருந்தார்கள். பாடம் எடுத்தவர் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா. மெல்லிய குரல். மைக் வைத்தும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது. திரையில் படங்கள் வரும்போதெல்லாம் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் அங்கே இருந்தது.

கட்டுவிரியனைப் பற்றி அவர் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது. தரையில் தூங்குகிறவர்களை அது கடிக்கும். வலிக்காது. பல் பட்ட தடம்கூட இருக்காது. விடிந்து எழுந்ததும் வயிற்று வலி என்பார்கள், சாப்பாடு சேரவில்லை என்று நாமும் நினைப்போம். அப்புறம் இமை தொங்கும், தொண்டையில் எச்சில் இறங்காது, ஒவ்வொரு தசையாக அடங்கிக்கொண்டே வந்து கடைசியில் மூச்சு நிற்கும்.

"மூச்சை மட்டும் நாம குடுத்துக்கிட்டே இருந்தா ஆள் பொழச்சுக்குவாங்க. டார்ச் அடிச்சா கண்மணி சுருங்காது. கிள்ளினா கை அசையாது. அதை வெச்சு முடிஞ்சுபோச்சுன்னு நெனைச்சிடாதீங்க. அவங்க கேட்டுக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றார்.

பிறகு முன்வரிசையில் இருந்த என்னைக் கூப்பிட்டு ஒரு பெஞ்சில் படுக்கச் சொன்னார். கண்ணைத் திறக்கக் கூடாது, விரலைக்கூட அசைக்கக் கூடாது. மற்றவர்கள் சுற்றி நின்று, நான் இறந்துவிட்டதாக நினைத்துப் பேச வேண்டும். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. திட்டக்குடி சிஸ்டர் ஒருவர் மட்டும் விளையாட்டை விட்டுவிட்டு, வார்டில் பேசுகிற குரலில், "போயிடுச்சு டாக்டர். வெளிய சொல்லிடவா?" என்றார். சிரிப்புச் சத்தம் நின்றது. யாரோ தன் துப்பட்டாவை எடுத்து என் முகத்தின் மேல் இழுத்துவிட்டார்கள். வெறும் துணிதான். மூக்கின் மேல் அது படிந்ததும், நான் இருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. விளையாட்டு முடிந்து எழுந்து உட்கார்ந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன். தரையில் யாரும் படுக்கக் கூடாது என்றேன். இருந்த ஒரே கட்டிலில் மகளையும் என்னையும் குறுக்கிக்கொண்டு, வீட்டுக்காரரை மேஜையையும் பெஞ்சையும் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தேன். தலையணை உறைகளை உதறினேன். மகள் ஒரு நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்றபோது, பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை என்பதை மறந்து, இமையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கிளாஸுக்குப் போனவ பாம்பையும் கையோட கூட்டியாந்துட்ட" என்றார்.

மழைக்காலம் தொடங்கியதும் அப்படி ஒரு கேஸ் வந்தது. காலையில் நான் டியூட்டி மாற்றிக்கொண்ட கொஞ்ச நேரத்தில், ஷேர் ஆட்டோவில் ஒரு பெண்ணைத் தாங்கிக் கூட்டிவந்தார்கள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பொம்மைகளுக்கு வர்ணம் பூசுகிற வேலை, நகக்கண்ணில் நீலம் இருந்தது. கூட வந்த கணவர் சூளையில் வேலை செய்பவர்.

"வயித்து வலி நர்ஸம்மா. ராத்திரி மீன் கொழம்பு. எங்களுக்கெல்லாம் ஒண்ணும் பண்ணல, இவளுக்குத்தான் சேரல போலருக்குது."

அவள் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூக்கக் கலக்கத்தில் இருப்பவளைப்போல இமைகள் பாதி மூடியிருந்தன. தண்ணீர் கொடுத்தேன். விழுங்கப் பார்த்தாள். கடைவாயில் வழிந்தது.

குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "தரையிலயா படுத்தீங்க?"

"வூட்டுல கட்டில் ஏதுங்க" என்றார் கணவர். "பின்னாடி கம்பெனிக்காரங்க கழிச்சுப் போட்ட பொம்மை அச்சு குமிஞ்சு கெடக்குது, அந்தச் சுவத்தோரமாத்தான் படுப்பா."

டாக்டரைக் கூப்பிட ஓடினேன். அவர் வந்து இமையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நீட்ட முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், "கட்டுவிரியன். மருந்தை எடுங்க சிஸ்டர்" என்றார். கால் விரல், காது மடல், முதுகு எல்லாம் தேடினோம். எங்கும் ஒரு கீறல்கூட இல்லை.

விஷமுறிவு மருந்து இறங்கத் தொடங்கியது. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். மூக்கால் பேசுவதுபோல, "கண்ணு தொறக்க வரலீங்க" என்றாள். அதுதான் அன்று அவள் பேசிய கடைசிப் பேச்சு. பிடி மெல்லத் தளர்வது என் விரலில் தெரிந்தது. நெஞ்சு மேலெழும்புவது குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் தொண்டைக்குள் குழாயை இறக்கினார். அதன் நுனியில் ஆம்பு பையை மாட்டி, கையால் அமுக்கி அமுக்கி நான் மூச்சு கொடுத்தேன். அமுக்கினால் நெஞ்சு எழும்பியது. விட்டால் அப்படியே கிடந்தாள்.

அதற்குள் அவள் மாமியாரும் உறவுக்காரர்களும் வந்துவிட்டார்கள். திரைக்கு வெளியே அழுகை கிளம்பியது. திரை இடுக்கில் எட்டிப் பார்த்த ஒரு பெரியம்மா, "கண்ணு நெலகுத்திப் போச்சு. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு இவன் என்னா பண்ணுவான்? அவ தங்கச்சியத்தான் கட்டி வெக்கணும்" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கே கேட்டது.

கையை எடுக்க முடியாமல், இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்: "உசுரு இருக்குதும்மா. காதும் கேக்குது. இப்படிப் பேசாதீங்க."

"கண்ணு போயிட்ட பொறவு காது கேக்குதாம்" என்று அந்த அம்மா மாமியாரிடம் சொல்லி, இன்னும் பலமாக அழுதார்.

டாக்டர் நாலைந்து இடங்களுக்குப் போன் போட்டார். கடைசியில் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் காலியாக இருக்கிறது, வாருங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் யார் போவது? வார்டில் இரண்டு பிரசவ கேஸ் இருந்தது, டாக்டரால் நகர முடியாது. "நீங்க போங்க. கையை மட்டும் நிறுத்தாதீங்க. போன்ல நான் இருக்கேன்" என்றார். போக மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. ஏறிவிட்டேன்.

வண்டிக்குள் அவள், நான், அவள் கணவர். ஊரைத் தாண்டியதும் அவர் கேட்டார், "உண்மையைச் சொல்லுங்க நர்ஸம்மா. இருக்குதா?"

"இருக்காங்க. நீங்க பேசுங்க. உங்க குரல் கேட்டா தைரியமா இருக்கும்."

அவர் மனைவியின் காதருகே குனிந்தார். வாயைத் திறந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் அழுதுவிட்டார். பாவம், அவரைச் சொல்லி என்ன. நானே பேசத் தொடங்கினேன். "இந்தாம்மா, நான்தான் பேசுறேன். உன்னைக் கடிச்சது கட்டுவிரியன். மருந்து போட்டாச்சு. கை கால் வராது, பயப்படாத, திரும்ப வரும். மூச்சு நான் குடுக்கறேன். இப்ப மந்தாரக்குப்பம் தாண்டுறோம்."

ஒரு பதிலும் இல்லாத முகத்தைப் பார்த்து எவ்வளவு நேரம் பேச முடியும்? சொல்ல வேண்டியதெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அப்புறம் என்னென்னவோ பேசினேன். என் மகள் கணக்கில் தோற்றது, என் வீட்டுக்காரர் குறட்டை விடுவது, போன தீபாவளிக்குச் சுட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனது. பேசிக்கொண்டே ஒரு தடவை டார்ச்சை எடுத்துக் கண்ணில் அடித்தேன். கண்மணி அசையவில்லை. அகன்று, கறுப்பாக, அப்படியே இருந்தது.

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அந்த டாக்டரம்மா சொன்னது இவளுக்குப் பொருந்தாமல் போனால்? ஏற்கெனவே மூளைக்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தால்? ஒரு பிணத்தோடு அதிரசக் கதை பேசிக்கொண்டா போகிறேன்? விரலில் மாட்டியிருந்த கருவி துடிப்பு இருக்கிறது என்று காட்டியது. அதை நம்பினேன். அடுத்த நிமிஷம் அதையும் சந்தேகப்பட்டேன். அவள் கடைக்கண்ணில் நீர் வழிந்தது. அழுகையா, முழுதாக மூடாத கண்ணில் ஊறுகிற வெறும் நீரா, எனக்குத் தெரியவில்லை. துடைத்துவிட்டேன்.

வடலூர் நெருக்கடியில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது பை கனத்தது. அமுக்கினால் காற்று உள்ளே போகவில்லை. நெஞ்சு எழும்பவில்லை. கருவியில் ஆக்சிஜன் எண் இறங்கத் தொடங்கி, பீப் பீப் என்று கத்தியது. குழாய் நகர்ந்துவிட்டதா, அடைத்துக்கொண்டதா? வாயில் ஊறிய எச்சிலை எல்லாம் விழுங்க முடியாமல் கிடப்பவள், சளி அடைத்திருக்கும் என்று கையே முடிவு செய்தது. பையைக் கழற்றி, உறிஞ்சுகிற மெல்லிய குழாயை உள்ளே விட்டேன். டிரைவர் "என்னாச்சு சிஸ்டர், என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் கணவர் சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கொழகொழவென்று சளி வந்தது. மறுபடி பையை மாட்டி அமுக்கினேன். நெஞ்சு எழும்பியது. எண் ஏறுகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது. அதன் பிறகும் வெகுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. குறிஞ்சிப்பாடி தாண்டித்தான் நாக்கு திரும்பியது.

புதுச்சேரியில் அவளை வாங்கிக்கொண்டு, பையை என் கையிலிருந்து எடுத்தார்கள். விரல்கள் விரியவில்லை. அங்கிருந்த ஒரு நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.

திரும்பி வந்த பிறகு தினமும் போன் போட்டுக் கேட்டேன். "இன்னும் மெஷின்லதான் இருக்காங்க" என்றார்கள். ஒவ்வொரு முறை போனை எடுக்கும்போதும், இன்று வேறு பதில் வந்துவிடுமோ என்று நினைப்பேன். ஒரு நாள் அவள் கணவரே கூப்பிட்டார். "கட்ட விரலை அசைச்சுட்டா நர்ஸம்மா" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமலே அழுதுகொண்டிருந்தார்.

குழாயை எடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். போகும் வழியெல்லாம் பஸ்ஸில் யோசனை, என்னென்ன கேட்டிருப்பாளோ என்று. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து யார் என்று தெரியாமல் விழித்தாள். "நல்லாருக்கியாம்மா?" என்றதும் இட்லியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்களா? அந்தக் கொரலு நீங்களா?"

குரல் கரகரத்தது. என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. மாமியார் அழுதது, தங்கையைக் கட்டி வைக்கச் சொன்னது. "யாரு சொன்னதுன்னும் தெரியும். வூட்டுக்குப் போயி வெச்சுக்கறேன்" என்று சிரித்தாள். அதிரசத்துக்குப் பாகு எப்படிக் காய்ச்ச வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

"ஒரு எடத்துல பேச்சை நிறுத்திட்டீங்க. மூச்சு முட்டுது. பீப் பீப்னு சத்தம். நீங்க பேசவே மாட்றீங்க. சரி, வுட்டுட்டாங்க, இனிமே துணியப் போத்திடுவாங்கன்னு நெனைச்சேன். நான் இருக்குறேன் இருக்குறேன்னு உள்ளயே கத்துனேன்."

நான் சளியை எடுத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். "அதைச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். கோபமில்லை, குழந்தை கேட்பதுபோல் கேட்டாள். சொல்லியிருக்கலாம்தான். எனக்குப் பயத்தில் வாய் வரவில்லை என்றேன். "ஒங்களுக்குமா?" என்று ஆச்சரியப்பட்டாள்.

அந்த வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று நோயாளியைப் பற்றிப் பேசுவதை டாக்டர் நிறுத்திவிட்டார். சொந்தக்காரர்களோடு பேச வேண்டுமானால் மருந்துக் கடைப் பக்கம் போய்விடுவோம். நான் ஊசி போடும்போது, குழாய் மாற்றும்போது, நினைவில்லாதவர்களிடமும் என்ன செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே செய்கிறேன். புதிதாக வந்த நர்ஸுகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அவள் மறுபடி பொம்மைக்கு வர்ணம் பூசப் போகிறாள். கட்டில் வாங்கிவிட்டார்கள், வலையும் கட்டிவிட்டார்கள், சுவரோரம் கிடந்த அச்சுக் குவியலை அள்ளிவிட்டார்கள். போன மாசிமகக் கூட்டத்தில் ஆற்றங்கரையில் இரண்டு பேரையும் பார்த்தேன். குழந்தை அப்பா தோளில் இருந்தது. இப்போது நன்றாகத் தூங்குகிறாயா என்று கேட்டேன்.

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர்தான் சொன்னார்: "எங்க நர்ஸம்மா. விடிய விடிய டிவி ஓடணும். நிறுத்துனா ஒடனே எழுந்து ஒக்காந்துக்கறா. யாராவது பேசிக்கிட்டே இருக்கணுமாம்."