திறந்தே கிடந்த சிஸ்டம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் கெட்டுப்போன மெஷினைவிட, 'நல்லா ஓடுதுங்க' என்று சொல்லப்படும் மெஷினைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் புரியும்.

சந்தனம் வைத்த மானிட்டர்

கணபதி ஏரியாவில் பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறவர் சிவசாமி அண்ணன். டிராயிங் எல்லாம் போடுவது அவர் மனைவி மல்லிகா அக்கா. அவர்களுக்குப் புது சிஸ்டம் மாட்டிக்கொடுத்தேன். வழக்கம்போல யூசர் பெயர் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். கடையிலிருந்தே உள்ளே புகுந்து ரிப்பேர் பார்க்க வசதியாக ரிமோட்டையும் திறந்துவைத்தேன்.

அடுத்த வாரம் பாஸ்வேர்டை மாற்றப் போனால் மானிட்டரில் சந்தனம், குங்குமம். அண்ணன் குறுக்கே வந்து நின்றார். எனக்கும் சோம்பல், திரும்பிவிட்டேன். அவர் சொன்னது இதுதான்: "பூஜை போட்டு ஓட்டிப்போட்டமுங்க, இனி எதையும் மாத்தாதீங்க."

தானாக நகர்ந்த அம்பு

ஒருநாள் காலை துடியலூரில் வேறு வேலையாக இருந்தபோது அண்ணன் போன் செய்தார். ஃபைல்களின் பெயரெல்லாம் மாறுகிறதாம். "நெட் வயரைப் பிடுங்குங்க, சிஸ்டத்தை அணைங்க!" என்று கத்திவிட்டு வண்டியை விரட்டினேன்.

போய்ப் பார்த்தால் எவனோ ஒரு திருடன் ரிமோட் வழியாகப் புகுந்து, டிராயிங் ஃபோல்டர் முழுக்கப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறான். திங்கட்கிழமை சாம்பிள் போகாவிட்டால் புது ஆர்டர் கைவிட்டுப் போகும். அதன் டிராயிங்கும் அதற்குள்தான். முன்பே ஏன் கூப்பிடவில்லை என்று எரிந்து விழுந்தேன். அண்ணன் பாவமாகச் சொன்னார்: "அரை மணி நேரமா மவுஸ் அம்பு தானா நகந்துச்சுங்க. நீங்கதான் வேலை பாக்கறீங்க, தொந்தரவு பண்ண வேண்டாமுன்னு கையவே வெக்கலைங்க."

அக்காவின் கேள்வி

நான் எப்போதும் சொல்லாமல்தான் உள்ளே புகுவேன். அவர்மேல் என்ன தப்பு? வெட்கமாக இருந்தது. மல்லிகா அக்கா அழவில்லை. ஆர்டர் பார்ட்டி மாதிரிக்குத் தந்திருந்த உருப்படியை வெர்னியர் அளவுகோலில் அளந்து, பேப்பரில் மறுபடி வரைய ஆரம்பித்துவிட்டார். நான் சிஸ்டத்தைத் துடைத்து, விண்டோஸை மறுபடி போட்டு, ரிமோட்டை மூடி, புது பாஸ்வேர்டு வைத்தேன்.

"இந்த அட்மின் பாஸ்வேர்டுதான் நீங்க பாக்கற எல்லா இடத்துக்குமுங்களா?" என்றார் அக்கா, தலை நிமிராமல். ஆமாம், முப்பது இடத்துக்கும் அதேதான் என்றேன். அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்: "அப்பறம் இங்க ஏனுங்க ஒக்காந்திருக்கீங்க? ஓடுங்க!"

அன்று தொடங்கி முப்பது இடத்துக்கும் ஓடி முடித்தபோது தெரிந்தது, பத்து வருட சர்வீஸில் என்னிடம் ஒரு குறையும் காணாத ஒரே கஸ்டமர் அந்தத் திருடன்தான்.