தியாகராஜா அங்கிளின் லண்டன் கேசட்

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் எனக்குச் சொல்ல வராது. நான் மலேசியாவில், மலாக்கா பக்கம் ஜாசினில் கார்களுக்கு ரேடியோ மாட்டும் கடை வைத்திருக்கிறேன். ரேடியோவில் தானாகக் குரல் கேட்கிறது, பேய் இருக்கிறது என்று காரைக் கொண்டு வருகிறவர்களிடம், ஒரு வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, பேய் போய்விட்டது என்று சொல்லி அனுப்புகிற ஆள். நியாலாஸ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தும் இருட்டுக்குப் பயந்ததில்லை.

எனக்கு ஒரே ஒரு பைத்தியம்தான். ஓர் இங்கிலாந்து ராக் குழு. ஒரு பாட்டே இருபது நிமிடம் ஓடும், ஒவ்வொரு மேடையிலும் அதையே வேறு மாதிரி வாசிப்பார்கள். அதனால் ரசிகர்கள் கூட்டத்தில் ஒளித்துவைத்துப் பதிவு செய்த கேசட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்போம். மலாக்காவில் எனக்குத் தெரிந்து இந்தப் பைத்தியம் பிடித்தவர் இன்னொருவர்தான், புக்கிட் காத்தில் என்ற ஊரிலிருந்த தியாகராஜா அங்கிள். யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், ஓய்வுபெற்ற எஞ்சினியர். லண்டனில் படித்த காலத்தில் கோட்டுக்குள் ரெக்கார்டரை மறைத்துக்கொண்டு போய் அவரே எடுத்த கேசட் ஒன்று வைத்திருந்தார். காப்பி எடுக்கக்கூட விடமாட்டார். அவர் வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். முதல் பாட்டு முடிந்து கைதட்டும்போது, பக்கத்திலிருந்த நண்பனிடம் அவர் சொல்வது கேட்கும்: "இப்பப் பாரடா மச்சான், இப்பப் பாரடா." அந்த இடம் வந்தால் வெட்கப்பட்டுச் சிரிப்பார்.

போன வருடம் அவருக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சும் வலப்பக்கமும் போய்விட்டன. மனைவி ஏற்கெனவே இல்லை. கூட இருந்தது மகன் குணா மட்டும். அவன்தான் எனக்குப் போன் செய்தான், அப்பாவின் கேசட்டெல்லாம் இடத்தை அடைக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று.

மதியம் போனேன். அங்கிளைச் சமையலறைக்குப் பின்னால் ஸ்டோர் ரூமில், அந்தக் கேசட் பெட்டிகளுக்கு நடுவில் போட்டிருந்தான். கழுத்துவரை போர்வை. ஏதோ நாற்றம், மீன் பையை மறந்துவிட்ட மாதிரி. என்னைப் பார்த்ததும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"யாரு வந்தாலும் அப்பா அழுவாரு அங்கிள். ஒண்ணும் வெளங்காது. கத்தவும் முடியாது, ஒரு வகையில ஈசி லா," என்றான் குணா, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அவருக்காகத்தான் அந்த லண்டன் கேசட்டைக் கையோடு கொண்டுபோயிருந்த என் பிளேயரில் போட்டேன். முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல். அந்த இளம் குரல் வந்தது. நம்பினால் நம்புங்கள்.

"என்ட காலைப் பாரடா," என்றது. கொஞ்சம் விட்டு, "நோகுதடா. காலைப் பாரடா." பிறகு டிரம் தொடங்கிவிட்டது.

என் கை தானாகப் போய்ப் போர்வையை விலக்கியது. வலது குதிகாலில் படுக்கைப் புண்ணுக்குப் போட்ட கட்டு, கறுத்துப் போயிருந்தது. ஓரத்தில் புழு நெளிந்தது.

"இத எப்படா கடைசியா பிரிச்சே?"

"நீங்க கேசட் எடுக்க வந்தீங்களா, டாக்டர் வேல பாக்க வந்தீங்களா?" குரலில் கோபம்கூட இல்லை. "அவருக்குத்தான் அந்தப் பக்கம் உணர்ச்சியே இல்லையே அங்கிள்."

ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். அப்படியும் விஷம் ரத்தத்தில் ஏறி, அங்கிள் போய்விட்டார். சாவு வீட்டில் குணா வந்தவர்களிடமெல்லாம், கைக்குழந்தை மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டேன் என்றான். சொந்தக்கார அம்மா ஒருவர் அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பிளேயரோடு என் பைக்குள் வந்துவிட்ட கேசட்டை வீட்டில் போட்டுக் கேட்டேன். பழையபடி "இப்பப் பாரடா மச்சான்"தான். என் காதில்தான் கோளாறு என்று முடிவு செய்து, யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவியிடம்கூட.

காரியமெல்லாம் முடிந்த பிறகு குணா போன் செய்தான்.

"அங்கிள், அந்த கேசட்ட நிப்பாட்டுங்க."

"எந்த கேசட்?"

"அப்பா பேசுறது. இங்க வரைக்கும் கேக்குது."

அது அலமாரியில் சும்மா கிடக்கிறது என்றேன். நம்பவில்லை. அதிலிருந்து அடிக்கடி கூப்பிட்டான், ஒரே பேச்சு. வேலைக்கும் போகவில்லை என்றார்கள். ஒரு ஞாயிறு காலை, இதை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைத்து, "நீயே கேட்டுக்க, வெறும் பாட்டுதான்" என்று போனைப் பிளேயருக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். எனக்குக் கேட்டது கிட்டார், டிரம், கூட்டம் கைதட்டுவது, அந்தப் பழைய "இப்பப் பாரடா மச்சான்", அவ்வளவுதான். போனை எடுத்துக் காதில் வைத்தால், அவன் பேசிக்கொண்டிருந்தான். என்னிடம் இல்லை.

"சரிப்பா. தண்ணி சுட வச்சிட்டேன்பா. இதோ கழுவி விடுறேன். கொஞ்சம் அசையாம இருங்கப்பா."

போனில் ஈரத் துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் யாரோ, ரொம்ப நேரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை மெதுவாக விட்டார்கள். அது குணாவின் மூச்சு இல்லை, அவன் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தான்.