அஞ்சலை பார்த்த படம்

தானா ராத்தா பேருந்து நிலையத்தில் நின்றிருந்தேன். நம் தேயிலைத் தோட்டத்து லோரி ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டித் தலையை வெளியே நீட்டினார். "அண்ணே, விசயம் தெரியுமா? நொட்டாங்கை அஞ்சல போயிட்டாங்க லா. காலையில, ஆஸ்பத்திரியில." இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்த ஒருவருக்கு அந்தப் பட்டப்பெயர் இல்லாமல் சாகக்கூட முடியவில்லை. இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: அஞ்சலை இடக்கைக்காரர் இல்லை. உங்களையும் என்னையும் போல வலது கையால்தான் சாப்பிட்டார், கொழுந்து கிள்ளினார். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான்.

எழுபதுகளில் நம் தோட்டத்துக்கு மாதம் ஒரு படம் வரும். தோட்டப் பொதுக்கூடத்துச் சுவரில் காட்டுவார்கள். ஒரு இயக்குநரின் படம் வந்தால் மட்டும் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். 'கிறுக்கு டைரக்டர்' என்பார்கள். 'எட்டணா மீசை' என்ற படத்தில் காணாமல் போன மீசையை ஊர்ப் போலீஸே தேடி அலையும். 'குடை பிடித்த கிணறு' படத்தில், கண்ணெதிரே இருக்கும் கிணற்றை ஊரே சேர்ந்து இல்லை என்று சத்தியம் செய்யும். அவர் படம் ஒன்றைக்கூட விடாமல் கடைசிவரை பார்த்தவர்கள் அஞ்சலையும் நானும்தான். எனக்குப் பிடித்தது மீசை, அவருக்குக் கிணறு.

நான் நிறுவைக் கொட்டகையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் கொழுந்து மூட்டையோடு வருவார். மூட்டை கொக்கியில் தொங்குகிற நேரம்தான் எங்கள் விவாத நேரம். "மீசையில வயிறு வலிக்கச் சிரிச்சியா இல்லையா?" என்பேன். "சிரிச்சேன் கோபாலு. லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தச் சிரிப்பு போயிருச்சு. நல்ல படம்னா மறுநா காலையில மலையே வேற மாதிரி தெரியணும்" என்பார். பின்னால் வரிசை நீளும். "ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போய்த் தீத்துக்குங்க!" என்று கணக்கெழுதும் கிராணி கத்துவார்.

இனிச் சொல்வதை நம்மில் பலர் மறந்திருப்பீர்கள். மறப்பது வசதி.

'கிணறு' படம் வந்த அன்று அக்கம்பக்கத்தில் வேறு படம் இல்லாததால் பெர்த்தாமிலிருந்தும் திரிங்காப்பிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கூடம் கொள்ளவில்லை. திடலில் கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டினோம். கயிறு இழுத்தவர்களில் நானும் ஒருவன். முன்பக்கம் முழுக்க ஆண்களும் விருந்தாளிகளும் உட்கார்ந்துகொண்டோம். சோறாக்கி, பாத்திரம் கழுவி, போர்வையைச் சுற்றிக்கொண்டு பெண்கள் வந்தபோது பெயரெல்லாம் ஓடி முடிந்திருந்தது. "பொம்பளைங்க பின்னால போங்க, துணிக்கு அந்தப் பக்கமும் நல்லாத் தெரியுதுலா" என்று ஒருவர் சொன்னார். தெரியத்தான் செய்தது. என்ன, இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தெரிந்தது.

வேறு யாருடைய படமாக இருந்தாலும் எல்லாம் மாறித் தெரிவதை அஞ்சலை சந்தேகப்பட்டிருப்பார். கிறுக்கு டைரக்டர் படம் அல்லவா, வேண்டுமென்றே அப்படி எடுத்திருக்கிறார் என்று நம்பிவிட்டார். அடுத்த நாள் தராசடிக்கு வந்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "கோபாலு, கவனிச்சியா? அந்த ஊரே இடது கையால சாப்பிடுது. மாப்பிள்ளைக்கு இடது பக்கம் நிக்க வேண்டிய பொண்ணு வலது பக்கம் நிக்கிறா. கடியாரம் பின்னால ஓடுது. ஒருத்தனும் ஏன்னு கேக்கல! தப்ப ஒருத்தன் செஞ்சா தப்பு. ஊரே செஞ்சா வழக்கம். இதத்தான்யா அந்த ஆளு காட்டுறாரு."

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். "நீ துணிக்குப் பின்னால இருந்து பாத்த புள்ள" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. கோயில் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. பட்டிமன்றத்தில் எங்கள் தராசடிச் சண்டையையே 'அந்த இயக்குநரின் சிறந்த படம் எது?' என்று தலைப்பாக வைத்திருந்தார்கள். மீசைக்கு நான், கிணற்றுக்கு அவர். சீட்டாட்டத்தில் துருப்பை ஒளித்து வைக்கிற மாதிரி அதை மடியில் கட்டி வைத்துக்கொண்டேன்.

அவருக்கு அது வெறும் பட்டிமன்றம் இல்லை. நம் தோட்டத்து மேடையில் பெண் ஏறுவது அதுதான் முதல் தடவை. அடுத்த மாதம் தொழிற்சங்கக் கிளைத் தேர்தல். அதிலும் பெண் நிற்பது முதல் தடவை. அஞ்சலை பெயர் கொடுத்திருந்தார். பிள்ளைக் கொட்டகைக் கூரை ஒழுகுவதை நிர்வாகத்திடம் பேச வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. அம்மாக்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது அங்கே விட்டுப்போகும் கைக்குழந்தைகள் அந்தக் குளிரில் நனைந்துகொண்டிருந்தன. 'இந்தப் பொம்பளைக்குப் பேச வருமா?' என்று பார்க்கத்தான் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பேச வந்தது. அடேயப்பா, எப்படி வந்தது! இடது கை, கடிகாரம், தப்பு வழக்கமாகிற கதை என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, படத்தை முன்பக்கமிருந்து பார்த்த சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் முறை வந்தது. மைக்கைப் பிடித்தேன். "நடுவர் அவர்களே! நம் சகோதரி படத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். அவர் கட்சியும் பின்பக்கம்தான். நொட்டாங்கைக் கட்சி!" என்றேன்.

திடலே வெடித்தது. நீங்களும் அங்கே இருந்தீர்கள். சிலர் தரையைத் தட்டிச் சிரித்தீர்கள். பெண்களும் சிரித்தார்கள், சிரிக்காவிட்டால் அடுத்த கேலி அவர்களுக்கு என்று தெரியும்.

அந்த இரைச்சலில் அஞ்சலை எழுந்து ஒன்று கேட்டார். அவர் முன்னால் மைக் இல்லை, அது என் கையில் இருந்தது. அதனால் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. "சரி கோபாலு. எங்கள அங்க ஒக்கார வச்சது யாரு?"

அந்தக் கேள்வியை நான் திருப்பிச் சொல்லியிருந்தால் சிரிப்பு அப்படியே நின்றிருக்கும். நான் நன்றி சொல்லி வணக்கம் போட்டேன். மாலை எனக்கு, 'நொட்டாங்கை' என்ற பெயர் அவருக்கு.

மறுவாரம் அவர் தேர்தலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள், ஜெயித்தேன். மனுவில் கூரையை ஏழாவது கோரிக்கையாகப் போட்டேன். ஆறாவதுக்கு மேல் பேச்சு ஒருநாளும் போனதில்லை. கூரை பல வருடம் ஒழுகியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். எல்லாரும் வலது கையால் சாப்பிட்டார்கள், கடிகாரம் ஒழுங்காக ஓடியது. பரவாயில்லாத படம், அவ்வளவுதான். அஞ்சலை பார்த்த படம் அதைவிட எவ்வளவோ நல்ல படம். அதை அந்த டைரக்டருக்கே எடுக்கத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போய், அடுப்படி வாசலில் நின்று இதைச் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன் அஞ்சல, மன்னிச்சிரு" என்றேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "மைக்குல அடிச்சிட்டு அடுப்படியில வந்து மன்னிப்புக் கேக்குறியா? போ. அங்கேயே போய்ச் சொல்லு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதன்பிறகு வந்த திருவிழாக்களிலெல்லாம் மைக் என் கையில்தான் இருந்தது. சொல்லவில்லை. தலைவர் என்று நாலு பேர் கும்பிடுகிறார்கள், எப்படிச் சொல்வது?

போன வாரம் கூடத்தில் இரங்கல் கூட்டம். மறுபடியும் மைக்கை என்னிடம்தான் கொடுத்தார்கள். 'சிறந்த உழைப்பாளி, அமைதியானவர்' என்று பேசிவிட்டு உட்கார்ந்தேன். அமைதியானவராம்! அவர் வாயை அடைத்தவனே அதைச் சொன்னேன், நீங்கள் தலையாட்டினீர்கள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்விதான். வேறு யார் காதிலும் அது விழவில்லை. இத்தனை வருடம் எனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்ததை இப்போது எல்லாரும் வாசிக்க எழுதிவிட்டேன். படித்துவிட்டு என்னைத் திட்ட நினைப்பவர்கள் வீட்டுக்கு வரலாம், கதவு திறந்திருக்கும். திட்ட வேண்டியவர் மட்டும் வரமாட்டார்.