வெந்நீர்க் குளத்துக்கு அத்தான் வந்தார்

வெந்நீர்க் குளத்தங்கரையில் வேலை பார்ப்பவனுக்கு நீச்சலைவிட முக்கியமாகச் சிரிப்பை அடக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

பிராங்பேர்ட்டில் உணவகச் சமையலறையில் வெங்காயம் உரித்தது போதும் என்று, ரயில் மாறி பஸ் பிடித்து வர வேண்டிய இந்தச் சின்ன ஊருக்கு வந்தேன். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, இரண்டு மருந்துக்கடை, நிலத்துக்கடியிலிருந்து தானாகவே சுட்டுக்கொண்டு வரும் வெந்நீர். ஊர் அவ்வளவுதான். அந்த வெந்நீரை நம்பிக் கட்டிய குளியல் மண்டபத்தில் நான் குளக் காவலன். ஆறு மாத புறோபெசைட், அதாவது சோதனைக் காலம், முடியும்வரை வேலை நிரந்தரமில்லை. மேலாளர் பெண்மணியை ஷெஃபின் என்போம். அவர் தலையாட்டினால்தான் எனக்கு இங்கே சோறு. நானோ முந்திக்கொண்டு வீடும் எடுத்து, மகளை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டேன்.

சொந்தக்காரர் வந்துபோகும் இடத்தில் வேலை பார்க்கும் அன்பர்களே, மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

குளிக்க முதல் குளியல்

எங்கள் மண்டபத்தின் முதல் சட்டம், சவர்க்காரம் போட்டுக் குளித்த பிறகுதான் குளத்தில் இறங்கலாம் என்பது. ஜெர்மன்காரர் எவரும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்ட முதல் ஆள் என் அக்காவின் கணவர். அத்தானுக்கு முழங்கால் நோ. நான் வேலைக்குச் சேர்ந்த கையோடு, ஒரு சனிக்கிழமை காரில் வந்து இறங்கிவிட்டார். ஷவரைக் காட்டினேன். ஷவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, குளிக்க வந்தவனைக் குளிச்சிட்டு வா எண்டால், சாப்பிடக் கூப்பிட்டவன் சாப்பிட்டிட்டு வா எண்ட மாதிரியெல்லோ கிடக்கு!"

வீரர் இருவர்

தமிழ்நாட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். பிராங்பேர்ட்டில் கம்ப்யூட்டர் வேலை. சாவுனா என்னும் வியர்வை அறைக்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கியிருந்தார்கள். சாவுனாவுக்குள் நீச்சலுடை ஆகாது, துவாய் மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியும்ணா, நெட்ல படிச்சுட்டுத்தான் வந்தோம்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். போன வேகத்திலேயே திரும்பி ஓடி வந்தார்கள். சூடு தாங்கவில்லையா என்று கேட்டேன்.

"சூடு ஓகேண்ணா. உள்ள எங்க மேனேஜர் உட்கார்ந்து ஹலோ சொல்றார். திங்கட்கிழமை மீட்டிங்ல கேமராவை எப்படிண்ணா ஆன் பண்றது?"

மருந்து நீர்

மண்டப வாசலில் ஒரு குழாய் உண்டு. வயிற்றுக்கு நல்லது என்று இந்த ஊர் முதியவர்கள் அந்த நீரைச் சின்னக் குவளையில் ஏந்தி, கண்ணை மூடி, தீர்த்தம் போலக் குடிப்பார்கள். உப்பும் கந்தகமுமாக ஒரு ருசி. ஒருநாள் அத்தானோடு அக்காவும் வந்தாள். ஒரு வாய் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. சமையற்காரியின் நிதானத்தோடு இன்னொரு வாய் குடித்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"உப்பு அளவாக் கிடக்கு. இனி மிளகும் புளியும்தான் குறை."

முன்பின் தெரியாதவர்

சோதனைக் காலத்தின் கடைசிச் சனிக்கிழமை. திங்கட்கிழமை முடிவு சொல்வதாக ஷெஃபின் சொல்லியிருந்தார். அத்தானுக்குப் போன் போட்டு, வந்தால் என்னைத் தெரிந்ததாகவே காட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன். "ஓம் ஓம், நீ யோசியாதை" என்றார்.

மத்தியானம் ஒரு பாட்டியைச் சக்கர நாற்காலியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாசனை வந்தது. நல்லெண்ணெய். திரும்பினால், குளத்து நடுவில் அத்தான் கழுத்தளவு நீரில் கண்மூடிக் கிடக்கிறார். அவரைச் சுற்றி நீர் பளபளவென்று மின்னுகிறது. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு! உச்சி முதல் உள்ளங்கால்வரை அரக்கித் தேய்த்து, அதன்மேல் டிராக்சூட் மாட்டிக்கொண்டு பிராங்பேர்ட்டிலிருந்து கார் ஓட்டி வந்திருக்கிறார். ஷவரில் நின்றால் எண்ணெய் போய்விடும் என்று, நான் அந்தப்பக்கம் பார்த்த நேரம் நழுவி இறங்கியிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஷெஃபின் வந்தார். எல்லோரையும் கரையேற்றிக் குளத்தை மூடச் சொன்னார். எண்ணெய் சொட்ட நின்ற அத்தானைக் காட்டி, "இவரை உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அத்தான் தன் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், முந்திக்கொண்டார். "இந்த ஆளை எனக்கு முன்பின் தெரியாது. ஆனால் மிக நல்ல தொழிலாளி. ஒவ்வொரு முறையும் ஷவருக்குப் போகச் சொல்லுவார். இன்றைக்குக் கேட்காதது என் பிழை." எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அத்தோடு விட்டாரா? கரையில் வைத்திருந்த பையைத் திறந்து டிபன் கேரியரை என் கையில் திணித்து, ஊருக்கே கேட்கும்படி தமிழில் சொன்னார், "தம்பி, உன்ரை அக்கா நண்டுக்கறி தந்துவிட்டவ, ஆறமுதல் சாப்பிடு!"

ஷெஃபினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் டிபன் கேரியரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை அறைக்குக் கூப்பிட்டார். மகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற வேண்டி வரும் என்று நினைத்துக்கொண்டே போய் நின்றேன்.

"வேலை உங்களுக்கு நிரந்தரம். ஆனால் சனிக்கிழமைகளில் ஷவர் வாசலில்தான் நிற்பீர்கள். உங்களுடைய அந்த முன்பின் தெரியாத உறவினரை வாசனையிலேயே கண்டுபிடிக்க உங்களால்தான் முடியும்."

ஊரெல்லாம் வந்து தன் நோவை இறக்கி வைத்துவிட்டுப் போகும் இந்த ஊரில், என் தலைவலி மட்டும் சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் மணத்தோடு காரில் வந்து இறங்குகிறது.